ஞாபகம் ஃப்ளாஷ்பேக் மாதிரி வருவதில்லை

ஒரு காட்சி உங்களுக்கு நன்றாகத் தெரியும். வளர்ந்த பெண் ஒருத்தி சாதாரணமாக ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரோ தோளில் கை வைக்கிறார்கள், அல்லது ஒரு கதவு கிரீச்சென்று திறக்கிறது. உடனே காதுக்குள் ஙொய்ங் என்று ஒரு சத்தம், படம் கறுப்பு வெள்ளையாகிறது, ஒரு பாவாடை, உருண்டு போகிற பொம்மை, பூட்டப்படுகிற தாழ்ப்பாள், முகம் தெரியாத ஓர் ஆம்பளையின் கை. ரெண்டு செக்கன்தான். அப்புறம் அவள் வேர்த்துப்போய் மூச்சு வாங்க நிற்கிறாள். இடைவேளைக்குப் பிறகு அதே காட்சியை முழுசாகக் காட்டுவார்கள், இந்த முறை முகமும் தெரியும், கதாநாயகன் தேடிப் போய் அந்த முகத்தை உடைப்பான், படம் முடிந்துவிடும்.

எனக்கு இந்தக் காட்சியோடு நெடுநாள் சண்டை. சின்ன வயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்களைப் பற்றிப் படம் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை, எடுக்கத்தான் வேண்டும், இங்கே இலங்கை மலையகத்தில் யாராவது ஒழுங்காக எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குவேன். ஆனால் ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று இந்தப் படங்கள் நமக்குப் பழக்கிவைத்திருப்பது பெரும்பாலும் பிழை. அந்தப் பிழை திரையோடு நின்றுவிடுவதும் இல்லை. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவள் நான். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஸ்டாஃப் ரூமிலும் சரி, பஸ் ஹோல்ட்டிலும் சரி, கோயில் வாசலிலும் சரி, ஒரே கேள்விகள்தான் வரும். "உண்மையா நடந்திருந்தா இவ்வளவு நாள் சும்மா இருப்பாளா?" "தேதி கூடச் சொல்லத் தெரியலையே?" "போன கிழமையும் சிரிச்சு விளையாடிக்கிட்டுத்தானே இருந்தா?" கேட்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பாதிக்கப்பட்டவள் எப்படி இருப்பாள் என்று அவர்கள் மனதில் ஏற்கனவே ஒரு படம் ஓடுகிறது, நம்ம பிள்ளை அந்தப் படத்துக்குள் அடங்கவில்லை.

(இனி நிறையப் படங்களின் முடிவை உடைக்கப் போகிறேன். 'கார்கி' பார்க்காதவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதே மாதிரி, இந்த விஷயம் உங்களுக்குச் சொந்த அனுபவமாக இருந்தால் இதை வாசித்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.)

இந்த அச்சு ரொம்பப் பழசு. 1964இல் ஹிட்ச்காக் எடுத்த 'மார்னி'யில் அந்தப் பெண்ணுக்குச் சிவப்பு நிறத்தைக் கண்டால் உதறும், இடி மின்னலுக்குப் பயம், ஆண் தொட்டால் ஆகாது, ஏனென்று அவளுக்கே தெரியாது. கடைசியில் தாயின் வீட்டில் வைத்துச் சின்ன வயதில் நடந்தது அப்படியே திரும்பி வருகிறது, வந்ததும் முடிச்சு அவிழ்கிறது. ஃப்ராய்டை ஹொலிவூட் விளங்கிக்கொண்ட விதம் அது. உள்ளே ஒரு சம்பவம் பழுதாகாமல் பத்திரமாகக் கிடக்கும், ஒருநாள் முழுசாக வெளியே வரும், வந்தால் குணமாகிவிடும். அறுபது வருடமாகியும் நம்ம ஆட்கள் அதையேதான் எடுக்கிறார்கள், சிவப்புக்குப் பதிலாகப் பொம்மை.

நான் கேட்டதும் வாசித்ததும் வேறு மாதிரி. நிறையப் பேருக்கு அது மறப்பதே இல்லை. அதற்காக எந்நேரமும் நினைத்து அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, கொழுந்து எடுக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், தீபாவளிக்கு உடுப்பு எடுக்கிறார்கள், கேட்டால் சொல்ல முடியும், யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இன்னும் சிலர் அந்தப் பக்கமே நினைப்பைப் போக விடாமல் வருடக்கணக்காக இருந்துவிட்டு, தன்னுடைய மகள் அதே வயதுக்கு வரும்போது திடீரென்று ராத்திரியில் தூங்க முடியாமல் ஆகிறார்கள். சிலருக்கு நடந்தது எல்லாம் தெரியும், ஆனால் அது என்னவென்று எட்டு வயதில் விளங்கவில்லை, பதினாலு வயதில் சுகாதாரப் பாடத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கும்போதுதான் அந்தப் பழைய ஞாபகம் விஷமாகிறது. சிலருக்கோ நடுப்பகுதி இல்லை, ஓரங்கள் மட்டும் பயங்கரத் தெளிவு. சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்த முருகன், குப்பி லாம்பு மண்ணெண்ணெய் வாசம், அடுத்த காம்பராவில் ரேடியோ பாடிய பாட்டு. முதல் தடவை எது, கடைசித் தடவை எது என்று கேட்டால் குழம்பிப்போவார்கள்.

ஆராய்ச்சியிலும் இது சண்டை பிடித்துக்கொண்ட விஷயம்தான். அமெரிக்காவில் லிண்டா மேயர் வில்லியம்ஸ் என்பவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி பேசப்படும். 1970களில் சிறுமிகளாக இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டு, துஷ்பிரயோகம் என்று பதிவான 129 பெண்களை ஏறக்குறைய 17 வருடம் கழித்துத் தேடிப் பேட்டி எடுத்தார்கள். 38 சதவீதமானோர் பதிவில் இருந்த அந்தச் சம்பவத்தைச் சொல்லவில்லை. மறந்துவிட்டார்களா, சொல்ல விரும்பவில்லையா என்று விவாதம். தனக்கு நடந்த வேறு சம்பவங்களைத் தாராளமாகச் சொல்லிவிட்டு இதை மட்டும் சொல்லாதவர்களும் அதில் இருந்தார்கள், ஆகவே வெட்கம் மட்டும்தான் காரணம் என்று தள்ளிவிட முடியாது. மறுபக்கம் எலிசபெத் லோஃப்டஸ் 1995இல் 24 பேரை வைத்துச் செய்த பரிசோதனை. சின்ன வயதில் நீ கடைத்தொகுதியில் தொலைந்துபோனாய் என்று நடக்காத ஒன்றை வீட்டார் சொன்ன மாதிரியே சொல்லிவைத்தார்கள், ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை முழுசாகவோ பாதியாகவோ நம்பி, தனக்கு ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அங்கே சில சிகிச்சையாளர்கள் ஹிப்னோசிஸ் செய்து 'புதைந்த ஞாபகத்தை' தோண்டி எடுக்கிறேன் என்று இறங்கி, நடக்காததையும் நடந்ததாக ஆக்கிய கதைகள் உண்டு. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் பாலர் பாடசாலையில் பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்தார்கள் என்ற வழக்கு 1983இல் கிளம்பி 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. பிள்ளைகளிடம் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டிருந்தார்கள்.

இந்த ரெண்டு பக்கத்தையும் ஏன் சொல்கிறேன் என்றால், 'ஞாபகம் மாறக்கூடியது' என்பதை எடுத்துக்கொண்டு 'ஆகவே இவள் பொய் சொல்கிறாள்' என்று போகிறவர்களும் இருக்கிறார்கள், 'பாதிக்கப்பட்டவர் சொல்கிற ஒவ்வொரு விவரமும் கமெரா பிடித்த மாதிரி' என்று அடம்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஹாவர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் மெக்னலி சொல்வது எனக்கு நெருக்கமாகப் படுகிறது: ஒன்றைப் பல வருடம் நினைக்காமல் இருப்பதும், நினைக்க முடியாமல் இருப்பதும் ஒன்று இல்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அந்த வயதில் அது பயங்கரமாகக்கூடப் படவில்லை, விளங்காத ஏதோ ஒன்று. பிறகு வளர்ந்து அர்த்தம் தெரிந்ததும் அடி விழுகிறது. அடி விழுந்தது பிந்தி என்பதால் நடந்தது பொய்யாகிவிடாது. இந்தப் பிந்தி விழுகிற அடியை எந்தத் தமிழ்ப்படமும் ஒழுங்காகக் காட்டி நான் பார்த்ததில்லை.

காட்டிய படம் 'தி டேல்', 2018. ஜெனிஃபர் ஃபொக்ஸ் என்ற டொகியுமென்டரி இயக்குநர் தன்னுடைய சொந்தக் கதையை எடுத்திருக்கிறார், லாரா டெர்ன் அவராக நடிக்கிறார். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்காக எழுதிய ஒரு கதை தாயின் கையில் கிடைக்கிறது. தாய் பதறிப்போய் போன் எடுக்கிறார். மகளுக்கு எரிச்சல். அது துஷ்பிரயோகம் ஒன்றும் இல்லை அம்மா, எனக்கு வயதில் மூத்த ஒரு சிநேகிதன் இருந்தான், அவ்வளவுதான் என்கிற மாதிரி. படமும் அவள் நினைப்பதை அப்படியே காட்டுகிறது. உயரமான, தைரியமான, கிட்டத்தட்ட வளர்ந்துவிட்ட ஒரு பெண் குதிரையில் வருகிறாள், நாமும் சரி ஓரளவு பெரிய பிள்ளைதான் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்புறம் தாய் அந்த வயதில் எடுத்த போட்டோவைக் காட்டுகிறார். அதில் இருப்பது ஒரு குட்டிப் பிள்ளை. அந்த நிமிடத்திலிருந்து நடிகையே மாறிவிடுகிறாள், இதற்கு முன்னால் பார்த்த அதே காட்சி, அதே வசனம், ஆனால் வாசலில் நிற்பது சின்னஞ்சிறிய ஒருத்தி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஞாபகம் எதையும் ஒளித்துவைக்கவில்லை, சம்பவம் எல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது, தன்னுடைய உருவத்தை மட்டும் பெரிசாக்கி வைத்திருந்தது. 'நானும் சம்மதித்தேன்' என்று நினைத்துக்கொண்டால்தானே தலை நிமிர்ந்து வாழ முடியும். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பொய்தான் என்று படம் அவளைக் குற்றம் சொல்லாமலே சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஊரையும் இன்னும் சிலதையும் மாற்றியிருக்கிறேன். அவருடைய அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன காலம், பிள்ளைகள் சொந்தக்காரர் வீட்டில். இது நம்ம பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற கதை. நடந்தது அவருக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. ஆனால் அவருடைய சடங்கு அல்பத்தில் சீர்த்தட்டோடு பக்கத்தில் நிற்கிறவர் அந்த ஆள்தான், மாமன் முறை, அல்பத்தை எடுக்கிற ஒவ்வொரு முறையும் எல்லாரும் 'மாமா எவ்வளவு செலவு பண்ணாரு' என்பார்கள். "படத்துல நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன் பாரேன்," என்றார் அக்கா. "அதப் பார்த்தா எனக்கே சந்தேகம் வரும், நான்தான் பெரிசு பண்றேனோன்னு." அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல அந்த வீட்டில் ஒரு போட்டோவே போதுமாக இருந்திருக்கிறது. 'தி டேல்' படத்தில் போட்டோ உண்மையைச் சொல்கிறது, இங்கே போட்டோ உண்மையை அமுக்குகிறது. ஆக ஞாபகத்தைக் கெடுத்தது அவருடைய மூளை மட்டும் இல்லை, சுற்றி இருந்த எல்லாரும் சேர்ந்து வேறொரு ஞாபகத்தை வருடா வருடம் அவருக்கு முன்னால் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

சினிமாவில் எனக்கு ஒட்டாத இன்னொன்று ரகசியம். படத்தில் இதெல்லாம் பெரிய வீட்டில், மாடியில், நீளமான ஒரு நடைபாதையின் முடிவில் இருக்கிற அறையில் நடக்கும், யாருக்கும் தெரியாது. நம்ம லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளில், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய காம்பராக்கள் இன்னும் இருக்கின்றன, ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை படுத்திருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. யாருக்கும் தெரியாமல் இருக்கச் சாத்தியமே குறைவு. "அந்தக் கடைசி வீட்டுப் பக்கம் விளையாடப் போகாத" என்று ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்கிறாள் என்றால் அவளுக்கு ஏதோ தெரியும், அவளுடைய அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு அந்த எச்சரிக்கை போகிறது, பெயர் மட்டும் வெளியே வருவதில்லை. விஷயம் முற்றிப்போனால் தலைவர்மாரைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கிற இடங்களும் உண்டு, பொலிசுக்குப் போனால் தோட்டத்துக்கே அவமானம் என்று. இப்படி ஒரு இடத்தில் வளர்கிற பிள்ளைக்கு மறதி எங்கே வரப்போகிறது? அவள் பேசக்கூடாது என்று ஊரே சேர்ந்து தீர்மானித்ததைத்தான் பிற்காலத்தில் அவளே 'எனக்குச் சரியா ஞாபகமில்ல' என்று சொல்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதைப் பக்கத்தில் வந்து தொட்ட படம் டென்மார்க்கிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? தோமஸ் விண்டர்பெர்க்கின் 'ஃபெஸ்டன்', 1998. அப்பாவுக்கு அறுபதாவது பிறந்தநாள், பெரிய விருந்து, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கிறது. மூத்த மகன் எழுந்து கிளாஸைத் தட்டி, சின்ன வயதில் தன்னையும் தன்னோடு இரட்டையாய்ப் பிறந்த தங்கச்சியையும் அப்பா என்ன செய்தார் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு உட்காருகிறான். தங்கச்சி உயிரோடு இல்லை. சபை ஒரு நிமிடம் திகைக்கிறது, பிறகு... சாப்பாடு தொடர்கிறது. அடுத்த கோப்பை, அடுத்த பாட்டு. அவன் திரும்பவும் சொல்கிறான். திரும்பவும் சாப்பிடுகிறார்கள். சமையல்கட்டு ஆட்கள் விருந்தாளிகளின் கார்ச் சாவிகளை எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறார்கள், யாரும் எழுந்து போய்விடாமல் இருப்பதற்காக. அந்தச் சமையல்காரர்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். முழுப்படத்திலும் ஃப்ளாஷ்பேக் ஒன்றுகூட இல்லை, பழசு எதையும் காட்டாமலே அந்த மேசையில் இருக்கிற முகங்களை வைத்தே எல்லாம் தெரிந்துவிடுகிறது. நம்ம கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் இதே காட்சி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "தம்பி குடிச்சிருக்கான், விடுங்க, பந்திய போடுங்க."

மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' (2001, வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது) இன்னும் கிட்ட. டெல்லிக் கல்யாண வீடு. ரியா என்ற மூத்த பெண், சின்ன வயதில் மாமா முறை ஒருவர் தனக்குச் செய்ததைப் பற்றிப் பல வருடம் வாய் திறக்கவில்லை. திறப்பது எப்போது? அந்த மாமா இன்னொரு சின்னப் பிள்ளையைச் சுற்றுவதைப் பார்த்தபோது. ஞாபகம் அவளுக்குத் திடீரென்று திரும்பி வரவில்லை, அது எப்போதும் இருந்தது, இப்போது இன்னொருத்திக்காக அதைச் செலவழிக்கிறாள். அந்த மாமா பணக்காரர், குடும்பத்துக்கு உதவி செய்தவர், இவள் படிப்புக்கும் பணம் தருகிறேன் என்று நிற்கிறவர். கடைசியில் குடும்பத் தலைவர் அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார், கை நடுங்க. அடி இல்லை, கத்தல் இல்லை. 'ஹைவே'யில் (2014) அலியா பட் சொல்கிற கதையிலும் வெளிநாட்டுச் சொக்லேட் கொண்டுவருகிற மாமா ஒருவர் இருக்கிறார், அம்மாவிடம் சொன்னால் யாரிடமும் சொல்லாதே என்கிறாள். சொக்லேட் என்ற அந்த விவரம் முக்கியம். பிள்ளைக்கு அந்த ஆள் மேல் பயம் மட்டும் இருப்பதில்லை, பிரியமும் இருக்கும், இனிப்பும் இருக்கும், தன்னைக் கவனித்த ஒரே பெரிய மனிதராகவும் அவர் இருந்திருப்பார். ஞாபகத்தில் இது ரெண்டும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும், பிரித்தெடுக்க முடியாது. நம்ம படங்களில் அந்த ஆள் வரும்போதே பின்னணி இசை காட்டிக்கொடுத்துவிடும், பார்வையே ஒரு மாதிரி இருக்கும், பிள்ளை முதல் நாளே நடுங்கும்.

பிரியமும் அதுவும் ஒட்டிக்கிடப்பதைக் கடைசிவரை கொண்டுபோனது கிரெக் அராகியின் 'மிஸ்டீரியஸ் ஸ்கின்' (2004). கன்சாஸில் எட்டு வயதுப் பையன்கள் ரெண்டு பேர், ஒரே பேஸ்போல் அணி, ஒரே பயிற்றுநர். ஒருவனுக்கு ஐந்து மணித்தியாலம் வாழ்க்கையிலிருந்து காணாமல் போகிறது, மூக்கால் ரத்தம் வடிய விழித்ததுதான் தெரியும், வேற்றுக்கிரகவாசிகள் தன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பதினெட்டு வயது வரைக்கும் நம்புகிறான். மற்றவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அவனுக்கு அது காதல், தான் ஸ்பெஷல் என்று நினைத்துக்கொண்டே தன்னை அழித்துக்கொள்கிறான். மறந்தவன் தப்பித்தான், ஞாபகம் உள்ளவன் அழிந்தான் என்றோ, அதற்கு மறுதலையாகவோ படம் சொல்வதில்லை. கடைசியில் ஒருவன் மற்றவனுக்குச் சொல்கிறான், அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒன்றும் குணமாகவில்லை. ரொம்பக் கனமான படம், எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்தச் சின்னப் பையன்களைத் தனித்தனியாக, கமெராவைப் பார்த்து நடிக்கவைத்துத்தான் எடுத்தார்கள், எதைப் பற்றிய காட்சி என்று அவர்களுக்குத் தெரியாத மாதிரி. 'தி டேல்' முடியும்போதும் வயதுவந்த ஒருவரைப் பதிலாக வைத்துத்தான் எடுத்தோம் என்று எழுதிக் காட்டுகிறார்கள். நம்ம படங்களில் ஒன்பது வயதுப் பிள்ளை கண்ணை அகல விரித்து அலறுவதைக் குளோசப்பில் பார்க்கும்போது எனக்கு வருகிற முதல் யோசனை கதாபாத்திரத்தைப் பற்றியது இல்லை, இந்தப் பிள்ளையை யார், என்ன சொல்லி அழவைத்தார்கள் என்பதுதான்.

தமிழுக்கு வருவோம். பெரும்பாலும் இது அப்பாவின் கதை, சித்தப்பாவின் கதை, பொலிஸ்காரனின் கதை. பிள்ளைக்கு நடந்தது படத்தை ஸ்டார்ட் செய்கிற சாவி, அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், இவர்கள் மழையில் ஓடுவார்கள். 'மகாராஜா' (2024) திரைக்கதை கெட்டிக்காரத்தனமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், தியேட்டரில் நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் ஒரு பெண்பிள்ளைக்கு நடந்ததைக் கடைசித் திருப்பமாக ஒளித்துவைத்து அவிழ்க்கும்போது, கைதட்டுகிறவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

'கார்கி' (2022) வேறு ரகம். சாய் பல்லவி டீச்சர், அப்பா ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி, அங்கே ஒரு சின்னப் பிள்ளைக்கு நடந்த கொடுமையில் அப்பாவையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளை அடையாளம் காட்டியது சரிதானா என்ற சந்தேகத்தின் மேல்தான் நாம் முழுப்படத்தையும் பார்க்கிறோம், நாமும் மகள் பக்கம் நின்று அந்தச் சந்தேகத்தை வளர்க்கிறோம். பாவம் பிள்ளை, பயத்தில் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கும் என்று. கடைசியில் பிள்ளைக்கு ஞாபகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்தப் படம் என்னை ரொம்ப நாள் விடவில்லை, ஏனென்றால் நல்லவர் என்று நாம் நினைக்கிற ஒரு ஆளைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் ஞாபகத்தைச் சந்தேகிப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்க்கிறவனையே பிடித்துக் காட்டிவிட்டது. 'சித்தா'வும் (2023) பழனியில் நடக்கிற கதை, சித்தார்த் அண்ணன் மகளை வளர்க்கிற சித்தப்பா, நல்ல படம். குற்றவாளியைத் தேடிக் கொல்ல வேண்டும் என்ற வெறி ஒரு பக்கம், திரும்பி வந்த பிள்ளையோடு உட்கார்ந்திருக்க வேண்டியது ஒரு பக்கம் என்று அந்த ரெண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிற அளவுக்காவது அது போகிறது. ஆனாலும் நமக்குக் கிடைப்பது அடுத்த சில வாரங்கள் மட்டும்தான். அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயதில் எப்படி இருப்பாள், பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வாள், அவளைப் பெண் பார்க்க வருகிற நாளில் அவள் தலைக்குள் என்ன ஓடும், இதெல்லாம் எந்தப் படத்துக்கும் வேண்டாம்.

வளர்ந்த பிறகு காட்டினால் எப்படிக் காட்டுவார்கள் என்பதற்கு 'மிஸ்டிக் ரிவர்' (2003) இருக்கிறது. டிம் ரொபின்ஸுக்கு ஒஸ்கார் கிடைத்தது, நடிப்பில் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் கடத்தப்பட்டவன் பெரியவனாகித் தோள் சுருங்கி நடக்கிறான், பிறகு ஊரில் ஒரு பெண் கொலையானதும் எல்லாக் கண்ணும் அவன் மேல், அவனுடைய மனைவிக்குக்கூட. அவன் அதைச் செய்யவில்லை, ஆனாலும் உயிரை விடுகிறான். படம் அந்தச் சந்தேகத்தின் அநியாயத்தைத்தான் காட்டுகிறது, ஆனால் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் மனதில் 'இப்படி நடந்தவன் எப்படியும் ஒரு மாதிரித்தான் ஆவான்' என்பதும் தங்கிவிடுகிறது. ஆம்பளைப் பிள்ளைகள் வாயே திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். ஆம்பளைப் பிள்ளைக்கும் நடக்கும் என்பதையே நம்ம தோட்டத்தில் பாதிப்பேர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அது தனியாக எழுத வேண்டியது.

படத்தை விட்டுவிட்டு இங்கே சட்டத்தைப் பார்த்தால் ஞாபகத்தின் கணக்கு இன்னும் மோசம். இலங்கையில் கொலையும் இராஜத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 வருட எல்லை, குற்றம் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வயதில் நடந்ததற்கு இருபத்தெட்டு வயதோடு கதவு மூடுகிறது. மேலே சொன்ன அக்கா வாய் திறந்தது அதற்கும் ரொம்பப் பிந்தி. தன் பிள்ளை அந்த வயதுக்கு வரும்போதுதான் பலருக்கு நெஞ்சு அடைக்கிறது என்று மேலே சொன்னேன், கூட்டிப் பாருங்கள். நல்லதாக ஒன்று சொல்வதென்றால், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியாகப் போட முடியும், ஒவ்வொரு மேசையிலும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து ஞாபகத்தைக் கலைக்க வேண்டியதில்லை. சட்டத்தில் இருக்கிறது, நுவரெலியா மாவட்டத்துத் தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்கு, அதுவும் தமிழில், நடைமுறையில் அது எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பது வேறு கதை. தேதி கேட்கிற பொலிசுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன், நம்ம பிள்ளைகள் தேதியால் ஞாபகம் வைப்பதில்லை. 'அம்மா டுபாய் போன வருஷம்', 'மீரியபெத்தையில மண்சரிஞ்ச நேரம்', 'ஆயிரம் ரூபா சம்பளத்துக்கு ஸ்ட்ரைக் நடந்தப்போ', 'கோயில் தேர் முடிஞ்ச மறுநாள்'. இதைப் பிடித்துக்கொண்டு போனால் தேதி தானாக வரும். பிள்ளையின் வாயில் பதிலைத் திணிக்காமல் 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தால் போதும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணி நேரமும் இருக்கிறது, அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள், அதிபர் முகம் சுளித்தாலும் ஒட்டுங்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம், இங்கே டவுனில் சில டீச்சர்மாரும் தாய்மாரும் சேர்ந்து ஒரு படம் போட்டுப் பேசலாம் என்று யோசிக்கிறோம். எல்லாரும் 'சித்தா' என்கிறார்கள், தமிழ், விளங்கும், அழலாம். நான் 'கார்கி' என்கிறேன், வீட்டு ஆம்பளைகளைச் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுக்கிறீங்களா என்று ஒருவர் கேட்டுவிட்டார், ஆமாம் என்றேன், கொஞ்சம் கோபம். உண்மையில் போட விருப்பமானது 'தி டேல்', முழுசாக வேண்டாம், போட்டோ வருகிற இடமும் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற காட்சிகளும் போதும். தமிழ் சப்டைட்டில்தான் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் அந்தத் துண்டுக்கு நானே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன், அந்த அம்மாவும் மகளும் போனில் பேசுவதை மட்டும் நம்ம ஊர்ப் பேச்சில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும்.